சாக்கு விரித்த சீட்டு

"சரிங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்த பிறகுதான், எதற்குச் சரி சொன்னோம் என்பது லியனார்டுக்கு உறைத்தது.

அவன் வாய் அப்படிப்பட்ட வாய். அப்பனும் பாட்டனும் விடியற்காலைப் பனியில், தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று, கங்காணிக்கும் கண்டாக்கு ஐயாவுக்கும் 'சரிங்க' சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனுக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்தச் சொல்தான். யாராவது வந்து, "லியனார்ட், உன் தலையை எடுத்துக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்டாலும் முதலில் 'சரிங்க' வந்துவிடும். பிறகுதான் கழுத்தைத் தடவிப் பார்ப்பான்.

இன்று தம்பிராசா முதலாளி கேட்டது தலையை இல்லை. அவன் பெண்டாட்டி சிசிலியை.

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகிற பாதையில், ஒரு வளைவில் இருந்தது லியனார்டின் தகரக் கொட்டகை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தோட்டத்து லொறிக்குக் கண்ணாடி மாற்றப் பழகியவன், எழுபத்தேழில் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு ஜப்பானில் ஓடித் தேய்ந்த வண்டிகள் கப்பலில் வந்து இறங்க ஆரம்பித்ததும், தோட்டத்து லய வீட்டை விட்டு இறங்கி வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினான். ஹட்டனில் தம்பிராசா முதலாளியுடையது ஒன்று, நுவரெலியாவில் ஒன்று, நாவலப்பிட்டியில் ஒன்று என்று, அந்த வண்டிகளை விற்கிற மூன்று கார் சேல்களுக்கு அவன்தான் முன்கண்ணாடி வேலை. கினிகத்தேனை ஏற்றத்தில் கல் தெறித்து வெடித்த கண்ணாடி, வைப்பர் தேய்த்துக் கோடு விழுந்த கண்ணாடி, காய்ந்துபோன ரப்பர், எல்லாம் அவனிடம்தான் வரும். ஜப்பானில் ஆயுள் முழுக்க ஒழுகாத வண்டி, ஹட்டன் மழைக்கு ஒரே பகலில் ஒழுகும். அந்த மழைதான் அவனுக்குச் சோறு போட்டது.

ஆனால் முன்கண்ணாடி ஒற்றை ஆள் வேலை இல்லை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு நைலோன் கயிற்றைப் பதித்து, சவுக்காரத் தண்ணி தடவி, வெளியிலிருந்து வண்டியின் முகத்தில் வைத்து அமுக்கவேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கயிற்றின் நுனியைப் பிடித்து மெள்ள இழுப்பார். கயிறு உருவி வருகிற இடமெல்லாம் ரப்பரின் உதடு தகர விளிம்பில் ஏறி உட்காரும். கயிறு போகிற இடத்துக்கு வெளியில் இருப்பவனின் உள்ளங்கையும் கூடவே போகவேண்டும். கை முந்தினால் கண்ணாடி போச்சு; கயிறு முந்தினால் ரப்பர் போச்சு.

வெளியே லியனார்ட். உள்ளே சிசிலி. தொழில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். கொழுந்து பறித்த காலத்தில் தளிரையும் முற்றிய கரட்டிலையையும் கண்ணால் பார்க்காமலே விரலால் பிரித்தவள் அவள். ரப்பர் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்பது கயிற்றின் வழியே அவளுக்குத் தெரிந்துவிடும். விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் 'நில்'. இரண்டு தட்டினால் 'போ'. வீட்டில் தொடங்கிய சண்டையைக்கூடக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருந்து தொடர்வார்கள். சத்தம் கேட்காது, உதடு மட்டும் அசையும். அவள் திட்டுவதையெல்லாம் லியனார்ட் தனக்கு வசதியான அன்பான வார்த்தைகளாக வாசித்துக்கொண்டு தலையாட்டுவான். அவர்கள் குடும்பம் அமைதியாக நடந்ததற்கு அந்தக் கண்ணாடிகளும் ஒரு காரணம்.

இன்று முதலாளி கூப்பிட்டுச் சொன்னது இது:

"லியனார்ட், உம்மோட ஒரு கதை கதைக்கவேணும். குறை நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க முதலாளி."

"இனிமேல் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். ஆரும் ஒரு ஆம்பிளையைக் கொண்டுவாரும்."

"ஏங்க, வேலையில ஏதும்..."

"வேலையில ஒரு பிழையும் இல்லை. வாங்க வாற சனம் பாக்குது. புது வாகனம். முதன்முதல் ஏறி இருக்கிறது பிள்ளையில்லாத ஒரு மனுசி எண்டா ஆர் வாங்குவினம்? அங்க பாரும், மூண்டு வான் மாசக்கணக்கா நிக்குது. நான் இதெல்லாம் பாக்கிற ஆள் இல்லை. சனம் பாக்குது."

"சரிங்க முதலாளி."

வேன் விற்காததற்குக் காரணமா இல்லை? பெற்றோல் விலை ஏறியிருந்தது. தேயிலை விலை இறங்கியிருந்தது. முதலாளி சொல்கிற விலையோ எந்தக் காலத்திலும் இறங்கியதில்லை. இவ்வளவையும் தாண்டிப் போய், சிசிலியின் வயிற்றில் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார் மனிதர்.

புது வாகனமாம்! ஜப்பானில் எத்தனை பேர் ஏறி, இறங்கி, தூங்கி, வாந்தி எடுத்த வண்டியோ! இந்தப் பதில் ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டும்போதுதான் லியனார்டுக்கு வந்தது. அவனுக்குப் பதில்கள் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

வீட்டில் சிசிலி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கட்டச்சம்பல் அம்மியில் சிவந்து கிடந்தது. வெளியே தூறல். லியனார்ட் ரொட்டியைப் பிய்த்தபடி, ரொட்டியைப் பார்த்தே பேசினான்.

"ஒனக்கு இடுப்பு வலின்னு சொன்னியே புள்ள."

"எப்ப சொன்னேன்?"

"போன மாரியில."

"அது போன மாரியோட போச்சு."

"இருந்தாலும் பாத்துக்கணும். கொஞ்ச நாளைக்கு முதலாளி வேலைக்கு நான் கந்தப்பன கூட்டிக்கிட்டுப் போறேன். நீ வீட்ல இரு."

சிசிலி தோசைக்கல்லிலிருந்து அடுத்த ரொட்டியை எடுத்து அவன் தட்டில் போட்டாள். அவள் கேட்காமலே ரொட்டி போட்டால் வானம் மூடிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

கந்தப்பன் ஹட்டன் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி தூக்குகிறவன். நல்லவன், பலசாலி. கயிறு என்றால் அவனுக்குத் தெரிந்தது மாரியம்மன் கோயில் தேர்வடம் ஒன்றுதான். முதல் வேலை ஒரு சின்னச் சிவப்புக் கார். கந்தப்பன் உள்ளே உட்கார்ந்து, தம் பிடித்து, அம்மனை நினைத்து இழுத்தான். எப்படியோ கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. வழக்கமாகப் பக்கட்டுத் தண்ணியை ஊற்றி ஒழுக்குப் பார்ப்பார்கள். அன்று அதிசயமாக வெயில் அடித்தது. முதலாளியும் அவசரப்படுத்தினார். பார்க்காமலே விட்டான் லியனார்ட். வேலை நேரம் முழுக்கத் தட்டு இல்லை, சத்தம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீசை வைத்த ஒரு முகம் வேர்த்துக் கொட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது பிளேன்டீ தயாராக இருந்தது. பனங்கட்டித் துண்டும் பக்கத்தில் இருந்தது. அதுவே நல்ல அறிகுறியில்லை.

"வீரம்மா வந்துட்டுப் போச்சு," என்றாள் சிசிலி.

"எந்த வீரம்மா?"

"முதலாளி கார் சேல்ல கூட்டுற வீரம்மா. டீயக் குடிங்க, ஆறுது."

லியனார்ட் குடித்தான். நாக்கு வெந்தது.

"என் இடுப்பு எப்படி இருக்குன்னு கேக்கலியே?"

"எப்படி இருக்கு?"

"என் இடுப்புக்கு ஒண்ணுமில்ல. ஒங்க முதுகெலும்ப நெனச்சுத்தான் வீரம்மா வருத்தப்பட்டுச்சு."

"சிசிலி, நான் என்னா சொல்றேன்னா..."

"அந்த ஆளு சொன்னப்ப நீங்க என்னா சொன்னீங்க?"

"சரின்னேன்."

"சரின்னீங்களா, சரிங்கன்னீங்களா?"

லியனார்ட் கோப்பைக்குள் பார்த்தான். "சரிங்க."

"நெனச்சேன்." அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பொறி பறந்தது. "அந்த வண்டியெல்லாம் ஜப்பான்ல இருந்து வருது. அங்க யாரு யாரு அதுல உக்காந்தாங்கன்னு இவரு போய்ப் பாத்தாரா? புள்ள பெத்தவங்க ஏறுன வண்டியா பொறுக்கி எடுத்துக் கப்பல்ல ஏத்துனாரா? கன்னியாஸ்திரி ஓட்டுன வண்டியாக்கூட இருக்கும்!"

"ஜப்பான்ல கன்னியாஸ்திரிங்க ரொம்ப இல்ல புள்ள."

"பகிடி பண்ணாதீங்க! இன்னைக்கு வேணாம்!"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் பெறாதவளா? சொல்லுங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியில பெத்தேன்ல. நிக்கல. மூச்சில்லாமப் பொறந்துச்சு. துணியில சுத்தி ஒங்க கையிலதானே குடுத்தாங்க? மழையில நீங்கதானே தூக்கிக்கிட்டு நடந்தீங்க? புள்ள இல்லாதவன்னு அந்த ஆளு சொல்லையில, 'இல்லீங்க, அவ பெத்தவ'ன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்குத் தோணலியா?"

வெளியே தகரத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் என்ன பேசினாலும் கேட்காது என்கிற அளவுக்குப் பிடித்தது. லியனார்ட் அந்த மழைக்கு மனசுக்குள் நன்றி சொன்னான். உடனே தன்னைத்தானே காறித் துப்பவும் செய்தான்.

மறுநாள் வெள்ளை வேன். டிக்கோயாவில் படிப்பிக்கிற இராசரத்தினம் மாஸ்டர் பார்த்து, பிடித்து, பேசி முடித்திருந்தார். மாசக்கணக்காக நின்ற வேன்களில் ஒன்றுக்கு ஒருவழியாக விடிவு காலம். முதலாளி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் கந்தப்பன் தேர் இழுத்தான். மேல் மூலையில் ரப்பர் முரண்டு பிடித்தது. சிசிலியாக இருந்தால் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள். கந்தப்பன் தட்டவில்லை. காலை டாஷ்போர்டில் ஊன்றி இன்னும் ஓங்கி இழுத்தான். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மூலையில் தொடங்கிய கோடு, அவசரமே இல்லாமல், கண்ணாடியைக் குறுக்கே கடந்து மற்ற மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"அண்ணே, நான் தொடவே இல்ல. அதுவா போச்சு," என்றான் கந்தப்பன், அறுந்த ரப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு.

முதலாளி ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழில் கோபப்பட்டால் கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் உள்ளே போய் அறுக்கும்.

"என்ன வேலை பாக்கிறீர் நீர்? மாஸ்டர் நாளைக்கு மனுசியோட வாறார். உமக்கு மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ?"

"அதே அளவுல இன்னொரு கண்ணாடி என்கிட்ட இருக்குங்க முதலாளி. நாளைக்குப் போட்டுர்றேன்."

"ஆரை வைச்சு? இந்த எருமையை வைச்சோ?" முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினார். "பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வாரும். பின் கேற்றால வரட்டும். சீற்றில ஒரு சாக்கை விரிச்சுப்போட்டு இருக்கச் சொல்லும். வேலை முடிய நான் மஞ்சள் தண்ணி தெளிப்பிக்கிறன்."

லியனார்டின் வாய் தன் பரம்பரைக் கடமையைச் செய்தது. "சரிங்க முதலாளி."

இந்தச் செய்தியைச் சொல்ல அவனுக்கு வீடு வரைக்கும் நடக்கவேண்டியிருந்தது. பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதால் நடந்தான். சிசிலி முழுவதையும் கேட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு லியனார்டுக்கு அழுகையே பரவாயில்லை என்று தோன்றியது.

"சாக்கா? என்னா சாக்கு? மாச் சாக்கா, ஒரச் சாக்கா?"

"சிசிலி, நீ வரவேணாம். நான் போய் முடியாதுன்னு சொல்லிர்றேன்."

"நீங்களா? எப்படிச் சொல்லுவீங்க? 'முடியாதுங்க, சரிங்க'ன்னா?" அவள் அடுக்களைத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாறேன். நம்ம கொண்டுபோன ஆளு ஒடச்ச கண்ணாடி. அந்த மாஸ்டர் குடும்பம் மழையில நனையக் கூடாது. அதுக்காக வாறேன். அந்த ஆளுக்காக இல்ல."

மறுநாள் கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரி, முன் கேற்றால் நுழைந்தாள் சிசிலி. வாசல் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மா விளக்குமாறை ஒதுக்கி வழி விட்டாள். பின்னால் லியனார்ட் கண்ணாடியை ஏந்திக்கொண்டு வந்தான். அவன் அக்குளில் மடித்த மாச் சாக்கு ஒன்று இருந்தது. ஏன் கொண்டுவந்தான் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. சொன்னார்கள், கொண்டுவந்தான்.

வேலை முடிந்த பிறகு வரவேண்டிய மாஸ்டர் முதலிலேயே வந்து நின்றார். அவர் மனைவி கமலேஸ்வரிக்கு நிறைமாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேனைத் தன் வீட்டுப் பசுவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பின் கேற் என்று கண்ணால் காட்டினார். சிசிலி அந்தக் கண்ணைப் பார்க்கவே இல்லை. நேரே வேனுக்குப் போய், கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்தாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

திரும்பி அந்த வயிற்றைப் பார்த்தாள். பிறகு லியனார்டிடம் கையை நீட்டினாள்.

"சாக்கக் குடுங்க."

"சிசிலி..."

"குடுங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

வாங்கினாள். உதறினாள். சீட்டின் மேல், குழந்தைக்குப் படுக்கை விரிப்பதுபோல் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு மூலையும் இழுத்துவிட்டு, அதன் மேல் ஏறி ஒடுங்கி உட்கார்ந்தாள். இத்தனை நாளும் எந்த வண்டியிலும் கால் நீட்டி, முதுகு சாய்த்து, ராணிபோல் உட்கார்ந்து கயிறு இழுத்தவள்.

முதலாளி சொன்னபோது லியனார்டுக்கு வெட்கம்தான் வந்தது. வீட்டில் அவள் கொதித்தபோது பயம் வந்தது. இப்போதுதான் கோபம் வந்தது. சொன்னவன் சொன்னான், அது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதே! தன் மூச்சுப் பட்டால் பிறக்காத ஒரு பிள்ளைக்குக் கெடுதல் என்று அவளையே நம்பவைத்துவிட்டார்களே!

ஆனாலும் முதலில் கண்ணாடி. அவன் வைத்தான். அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். கயிறு நகர்ந்தது, கை நகர்ந்தது. மேல் மூலையில் ஒரு தட்டு. நின்றான். அவள் விரலால் ரப்பரை நீவிவிட்டாள். இரண்டு தட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசையவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கயிற்றின் கடைசி நுனி உருவி வந்தது. பக்கட்டுத் தண்ணிக்கு வேலை வைக்காமல் மழையே வந்து அடித்தது. எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள். சிசிலி உள்ளே இருந்தபடி சுற்றிலும் தடவிப் பார்த்து, காய்ந்த விரல்களை உயர்த்திக் காட்டினாள்.

"எவ்வளவு வடிவாப் போட்டுட்டீங்கள் அக்கா," என்றாள் கமலேஸ்வரி, இறங்கி வந்த சிசிலியிடம். "அதென்ன, சாக்கு?"

"சீற் ஊத்தையாகாம இருக்கத்தான் தங்கச்சி," என்று முந்திக்கொண்டார் முதலாளி. சாக்கை அவரே இரண்டு விரலால் இழுத்துக் கீழே போட்டுவிட்டு, வீரம்மாவைப் பார்த்து மஞ்சள் தண்ணிக்குக் கண் காட்டினார்.

"மஞ்ச முடிஞ்சிருச்சுங்க," என்றாள் வீரம்மா. மஞ்சள் கரைத்த செம்பு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஓசைப்படாமல் அதை மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் கவிழ்த்தாள்.

வேன் போனது. மாஸ்டர் மழைக்குள் கைகாட்டிக்கொண்டே போனார். முதலாளி திரும்பினார்.

"லியனார்ட், அந்தச் சாக்கைக் கேற்றுக்கு வெளியில எறிஞ்சுபோட்டுப் போம்."

"ச..." என்றது லியனார்டின் வாய். அதோடு நின்றது. மூன்று தலைமுறையாக நிற்காதது நின்றது.

அவன் குனிந்து சாக்கை எடுத்தான். நிதானமாக நடந்து முதலாளியின் கந்தோர் அறைக்குள் போனான். மேசைக்குப் பின்னால், ஏலத்தில் எடுத்த துரைமார் காலத்துச் சுழல் கதிரை. அதன் மேல் சாக்கை விரித்தான். சிசிலி விரித்ததுபோலவே, நான்கு மூலையும் இழுத்துவிட்டு விரித்தான்.

"என்ன செய்யிறீர் அங்க?"

"பழைய கதிரைங்க முதலாளி. ஒங்களுக்கு முந்தி இதுல எந்த எந்தத் துரை உக்காந்தான், அவன் என்னா பாவம் பண்ணுனான்னு நமக்குத் தெரியாது. எதுக்கும் சாக்கு இருக்கட்டும்."

"லியனார்ட்!"

"அப்புறம் முதலாளி, எம் பொண்டாட்டி பெத்தவ. நான் கையில வாங்குனேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்குப் பதிலு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

வெளியே வந்து, வரிசையில் முதலில் நின்ற வேனின் கதவைத் திறந்தான்.

"ஏறு புள்ள."

"எதுக்கு?"

"சும்மா ஏறு. சாஞ்சு உக்காரு."

சிசிலி அவன் முகத்தைப் பார்த்தாள். ஏறினாள். உட்கார்ந்தாள். இறங்கினாள். அடுத்த வண்டிக்கு அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தான். அதிலும் உட்கார்ந்தாள். "இறக்கும்! அந்த மனுசியை இறக்கும்! சனம் பாக்குது!" என்று கூரையின் கீழ் நின்று கத்தினார் முதலாளி. மழைக்குள் இறங்கிவர அவருக்கு மனமில்லை. சனம் உண்மையில் பார்த்தது. மழைக்கு ஒதுங்கிய பஸ் கூட்டம் முழுவதும் கேற்றடியில் நின்று பார்த்தது. யாரோ விசிலடித்தார்கள். மூன்றாவது வண்டியில் சிசிலி காலை நீட்டினாள். நான்காவதில் ஹோர்ன் அடித்தாள். ஒவ்வொரு கதவையும் லியனார்ட் ஓங்கி அடித்துச் சாத்தினான்.

கடைசியில், கந்தப்பன் முதன்முதலில் கயிறு இழுத்த அந்தச் சின்னச் சிவப்புக் கார். சிசிலி ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். லியனார்ட் சுற்றிக்கொண்டு போய் மற்றப் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். சத்தமெல்லாம் வெளியே போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. இத்தனை வருசத்தில் அவர்கள் இருவரும் கண்ணாடிக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

"இனி இங்க வேல இல்ல," என்றாள் சிசிலி.

"இல்லதான்."

"நுவரெலியாக்காரரும் இதையே சொன்னா?"

"அவருக்கு எத்தன கதிரைன்னு பாத்து அத்தன சாக்கு வாங்குவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து மற்றதும் வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்தாள். அப்போது முன்கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி வந்து அவள் மடியில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

சிசிலி நிமிர்ந்து, விரலால் ரப்பரை ஓரமாகத் தடவிப் பார்த்தாள்.

"இது நான் இழுத்த கயிறு இல்ல," என்றாள்.